படம் எடுப்பவரை அமர்த்துமுன்

திருமணத்திற்கென்று நாம் வாங்கும் பொருள்களில் பெரும்பாலானவை கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, விலை பேசி வாங்கக்கூடியவை. பட்டுப் புடைவையை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறோம். பொன்னை உரைத்துப் பார்க்கிறோம். சமையற்காரரின் கைப்பக்குவத்தை வேறொரு வீட்டு விருந்தில் உண்டு பார்த்த பிறகே அவருக்குத் தாம்பூலம் கொடுக்கிறோம். ஆனால் திருமணப் புகைப்படம் அப்படிப்பட்ட பொருளன்று. அதற்கு விலை பேசும் நாளில் அந்தப் படம் உலகத்திலேயே இல்லை. அது இனிமேல் தோன்ற வேண்டும். தோன்றுவதற்கும் ஒரே ஒரு வாய்ப்புத்தான் உண்டு. புடைவையில் குறை கண்டால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். மாங்கல்யதாரணம் படத்தில் விழவில்லையென்றால் அதை எந்தக் கடையிலும் மாற்ற முடியாது. ஆகவே புகைப்படக் கலைஞரை அமர்த்துமுன் கேட்டுத் தெளிய வேண்டிய செய்திகள் சில உண்டு. அவற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் மாணவர்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் வினவலாம். உங்களில் பெரும்பாலோர்க்கு மணம் முடிக்கும் பருவம் இன்னும் வரவில்லை. ஆயினும் நம் இல்லங்களில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். அக்காளுக்கோ அண்ணனுக்கோ திருமணம் நிச்சயமானவுடன் பெரியவர்கள் மண்டபத்தையும் சமையலையும் கவனிக்கப் போய்விடுகிறார்கள். “போட்டோக்காரரை நீயே பார்த்துப் பேசிவிடு” என்று அந்தப் பொறுப்பை வீட்டிலுள்ள படித்த பிள்ளையிடம் விட்டுவிடுகிறார்கள். பதினெட்டு வயதில் ஒருவர் ஏற்கும் முதல் குடும்பப் பொறுப்பு பல வீடுகளில் இதுவாகவே இருக்கிறது. அதை நன்றாகச் செய்வதற்குப் பணம் மட்டும் போதாது. பாடநூலில் நீங்கள் படிக்கும் ஒளியியலும், சிறிது சட்ட அறிவும், நிறைந்த பரிவும் வேண்டும்.

முதலில் வரலாற்றிலிருந்து ஒரு செய்தி. பிரான்சு நாட்டு டாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறை 1839 ஆகஸ்டு 19-ஆம் நாள் உலகுக்கு வெளியிடப்பட்டது. ஆறு மாதம் நிறைவதற்குள், 1840 பிப்ரவரி 10-ஆம் நாள், இங்கிலாந்தின் விக்டோரியா அரசியாருக்கும் ஆல்பர்ட் இளவரசருக்கும் திருமணம் நடைபெற்றது. பேரரசின் தலைவியாயிருந்தும் அவருக்குத் திருமணப் புகைப்படம் இல்லை. அக்காலத்துத் தகட்டில் ஓர் உருவம் பதிவதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. நடந்து செல்லும் மணமக்களை அதில் பிடித்தல் இயலாது. ஜார்ஜ் ஹேட்டர் என்னும் ஓவியர்தாம் அந்நிகழ்ச்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். அதை அவர் முடித்தது 1842-இல். அரசியாரும் இளவரசரும் இணைந்து நிற்கும் புகைப்படங்களை ரோஜர் ஃபென்டன் 1854-இல் எடுத்தார். அவற்றை மணநாள் படங்கள் என்று எண்ணி மயங்குவோர் இன்றும் உளர். உண்மையில் அப்போது அவர்களுக்கு மணமாகிப் பதினான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதிலிருந்து நாம் உணர வேண்டியது ஒன்று. ஓவியர் மணநாள் கழிந்த பிறகும் ஒவ்வொருவரையும் அழைத்து உட்காரவைத்துத் தம் ஓவியத்தை நிறைவு செய்யலாம். புகைப்படக் கலைஞருக்கு அந்த வசதி இல்லை. அவர் செய்ய வேண்டிய ஆயத்தம் முழுவதும் மணநாளுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். எனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகளுக்கும் காலம் அதுவே. அக்கேள்விகளை ஐந்தாக வகுத்துக்கொள்ளலாம்.

முதற் கேள்வி: படம் எடுக்க வருபவர் யார்?

இது வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் நம் நாட்டு வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் திருமணம் செய்வதில்லை. மற்ற மாதங்களிலும் நல்ல முகூர்த்த நாட்கள் சிலவே. ஆகையால் ஒரே நாளில் ஓர் ஊரில் பல திருமணங்கள் நிகழ்கின்றன. பெயர் பெற்ற கலைஞர் ஒருவரிடம் அந்த ஒரு நாளுக்கு மூன்று வீட்டார் வந்து முன்பணம் கொடுக்கலாம். அவர் ஓரிடத்திற்குத் தாம் செல்வார். மற்ற இடங்களுக்கு உதவியாளரை அனுப்புவார். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. உதவியாளரும் திறமைசாலியாக இருக்கலாம். ஆனால் நாம் யாருடைய வேலையைப் பார்த்து மகிழ்ந்தோமோ அவரே வருவாரா என்பதைக் கேட்டறியும் உரிமை நமக்கு உண்டு. அவர் திடீரென்று நோயுற்றால் பதிலுக்கு வருபவர் யார், ஒரு காமிரா பழுதுபட்டால் கையில் மற்றொன்று இருக்குமா என்பவற்றையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

இங்கே இன்னொரு குறிப்பும் சொல்லவேண்டும். நிலையத்தில் நம்மிடம் காட்டப்படும் ஆல்பம் பல திருமணங்களிலிருந்து பொறுக்கி எடுத்த முத்துக்களின் மாலை. நூறு திருமணங்களில் நூறு நல்ல படங்கள் யாருக்கும் அமைந்துவிடும். ஆகவே, “ஏதேனும் ஒரு திருமணத்தின் படங்களை முதலிலிருந்து முடிவுவரை காட்ட இயலுமா?” என்று பணிவாகக் கேளுங்கள். அந்த வீட்டாரின் இசைவோடு அவர் காட்டுவாராயின், அவருடைய சராசரித் திறமை தெரிந்துவிடும். தேர்வில் ஒரு வினாவுக்கு நன்றாக விடை எழுதுவது வேறு. தாள் முழுவதையும் எழுதித் தேறுவது வேறு.

இரண்டாம் கேள்வி: எந்த ஒளியில் எடுக்கப் போகிறார்?

நம் ஊர்த் திருமணங்கள் பல விடியற்காலையில் நடைபெறுபவை. கதிரவன் எழுமுன் தாலி கட்டி முடிந்துவிடும். மண்டபத்து விளக்குகளும் கலைஞரின் மின்னல் விளக்குமே துணை. இங்கே பௌதிகப் பாடம் உதவிக்கு வருகிறது. ஒரு விளக்கிலிருந்து தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்று படித்திருக்கிறீர்கள். மின்னல் விளக்கிலிருந்து 2 மீட்டரில் நிற்கும் மணமக்களுக்குக் கிடைக்கும் ஒளியில் கால்பங்கே, 4 மீட்டரில் நிற்கும் பெற்றோருக்குக் கிடைக்கும். அதனால்தான் பல படங்களில் மணமக்கள் முகம் வெளுத்தும், பின்னால் நிற்பவர் முகம் கறுத்தும் காணப்படுகின்றன. தேர்ந்த கலைஞர் ஒளியை நேரே பாய்ச்சாமல் வெண்மையான கூரையில் பட்டுத் திரும்பச் செய்வார். அல்லது துணை விளக்குகளை ஓரங்களில் நிறுத்துவார். கூரையே இல்லாத திறந்த வெளியிலும், சிவப்புத் துணி கட்டிய பந்தலிலும் முதல் முறை பயன்படாது. துணியில் பட்டுத் திரும்பும் ஒளி அத்துணியின் நிறத்தையே முகங்களில் பூசிவிடும்.

விளக்கின் நிறமும் கவனிக்கத்தக்கது. மஞ்சளாக எரியும் இழைவிளக்கின் ஒளி ஏறக்குறைய 3000 கெல்வின்; நண்பகல் வெயில் ஏறக்குறைய 5500 கெல்வின். இவ்விரண்டும் ஒரே படத்தில் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மற்றொன்று நீலமாகவும் தெரியும். மேடையை ஊதா விளக்குகளால் அலங்கரிக்கும் வழக்கம் இப்பொழுது பரவியிருக்கிறது. கண்ணுக்கு அது கவர்ச்சிதான். ஆனால் ஊதா ஒளியில் குளித்த முகத்திற்கு இயல்பான நிறத்தைப் பிறகு எளிதில் மீட்க முடியாது. எனவே மண்டபம் எது, முகூர்த்தம் எத்தனை மணிக்கு, அலங்காரம் எப்படி என்பவற்றைக் கலைஞருக்கு முன்னரே தெரிவியுங்கள். அவர் ஒருமுறை மண்டபத்தைப் பார்க்க விரும்பினால் அவரை நம்பலாம். தொழிலறிந்தவர் ஒளியைப் பார்க்காமல் பேச்சை முடிக்கமாட்டார்.

மூன்றாம் கேள்வி: எவற்றையெல்லாம் படம் எடுக்க வேண்டும்?

“எல்லாவற்றையும்தான்” என்று இரு தரப்பாரும் சொல்லிவிடுவார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு முறை உண்டு. சில வீடுகளில் காசி யாத்திரையும் ஊஞ்சலும் உண்டு. சில வீடுகளில் இல்லை. முதல் முடிச்சை மணமகன் இட்ட பிறகு, எஞ்சிய முடிச்சை அவருடைய சகோதரி இடும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. அதை அறியாத கலைஞர் முதல் முடிச்சோடு காமிராவைத் தாழ்த்திவிடுவார்; நாத்தனாரின் கை படத்தில் இராது. மாலை மாற்றி உறுதிமொழி கூறும் சுயமரியாதைத் திருமணத்தில் ஓமமும் அம்மியும் இரா. அங்கே வாழ்த்துரை கூறுவோர் முகங்கள் முக்கியம். சில தேவாலயங்களில் வழிபாட்டின் நடுவே மின்னல் விளக்கைப் பயன்படுத்த இசைவதில்லை. பல இசுலாமியக் குடும்பங்களில் பெண்கள் பகுதியைப் பெண் கலைஞரே படம் எடுக்க வேண்டும் என்பார்கள். எடுக்கவே வேண்டா என்பாரும் உண்டு. கோயிலில் மணம் நிகழ்வதாயின் கோயில் அலுவலகத்தில் அனுமதி கேட்டறிவது கடமை.

ஆகவே நிகழ்ச்சிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். இன்னொரு தாளில், யார் யாருடன் சேர்ந்து நிற்கவேண்டும் என்று பெயர்களை எழுதுங்கள். அந்தப் பெயர்களுக்குரிய முகங்களை அறிந்த ஒருவரைக் கலைஞருக்குத் துணையாக நிறுத்துங்கள். மாணவர்களே, அந்த வேலைக்கு உங்களைவிடத் தக்கவர் யாருமில்லை.

இதன் அருமையை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன். நான் சென்றிருந்த ஒரு திருமணத்தில் மணமகளின் பாட்டியார் காலை முதல் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். எண்பது வயதைக் கடந்தவர். மேடை ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. படங்கள் வந்து சேர்ந்தன. ஆயிரத்துக்கு மேல் இருந்தன. வாழைமரம் இருந்தது, இனிப்புத் தட்டு இருந்தது, காலணிகள்கூட இருந்தன. பாட்டியாரின் முகம் தெளிவாக ஒன்றிலும் இல்லை. மேடையில் இல்லாதவரை உறவினர் என்று அந்தக் கலைஞர் எவ்வாறு அறிவார்? அறிந்தவர்கள் அனைவரும் பந்தியிலும் வரவேற்பிலும் ஓடிக்கொண்டிருந்தார்கள். மறு ஆண்டு பாட்டியார் காலமானார். சுவரில் மாட்டுவதற்குப் படம் தேடியபோது அந்த வீட்டாருக்குக் கிடைத்தது வாக்காளர் அட்டையிலிருந்த சிறு படம் ஒன்றே. மேடையிலிருந்து நான்கு அடி இறங்கி வந்து அவரைப் படம் எடுங்கள் என்று சொல்வதற்கு ஒருவர் இருந்திருந்தால் போதும்.

நான்காம் கேள்வி: எந்த வடிவில், எப்பொழுது கிடைக்கும்?

பிலிம் வழங்கிய காலத்தில் ஒரு 35 மில்லிமீட்டர் சுருளில் 36 படங்களே எடுக்கலாம். ஒவ்வொன்றும் காசு. ஆதலால் எண்ணி எடுத்தார்கள். நெகடிவைப் பத்திரமாக வைத்தார்கள். இன்று சிறு நகமளவு மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்குகின்றன. அது தொலைந்தால் ஆயிரமும் தொலையும். ஆகவே படமெடுக்கும்போதே இரண்டு கார்டுகளில் பதியும் காமிரா அவரிடம் உள்ளதா, அன்றிரவே வேறோரிடத்தில் பிரதி எடுத்து வைப்பாரா என்று கேட்பது தவறன்று.

அடுத்து, நமக்குத் தருவது முழு அளவுப் படமா, சுருக்கிய படமா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆல்பத்தில் 12 அங்குல உயரமும் 18 அங்குல அகலமும் உள்ள பக்கத்தில் ஒரு படத்தை அச்சிடுவதாகக் கொள்வோம். நேர்த்தியான அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். 3600-ஐ 5400-ஆல் பெருக்குங்கள். 1,94,40,000 புள்ளிகள் ஆகின்றன. கைப்பேசிச் செயலிகளின் வழியே அனுப்பப்படும் படம் பெரும்பாலும் இதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியே வந்து சேர்கிறது. திரையில் அழகாகத் தோன்றும் அப்படம் பெரிய தாளில் கலங்கிப்போகும். முழு அளவுப் படங்களைத் தனியே ஒரு சேமிப்புக் கருவியில் தரவேண்டும் என்பதைப் பேச்சிலேயே சேர்த்துவிடுங்கள். ஆல்பத்திற்கு எத்தனை பக்கம், படங்களைத் தேர்ந்தெடுப்பவர் யார், எத்தனை நாளில் கிடைக்கும் என்பனவும் அவ்வாறே. தாமதத்திற்குக் கலைஞர் மட்டும் பொறுப்பல்லர். பல வீட்டார் படங்களைத் தேர்ந்தெடுத்துத் தராமல் ஆறு மாதம் கடத்திவிட்டு அவரைக் குறை கூறுகிறார்கள்.

ஐந்தாம் கேள்வி: படத்தின் மீது உரிமை யாருக்கு?

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. அதன் 17-ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டபடி, அவரிடம் பணம் பெற்றுக்கொண்டு எடுக்கப்படும் புகைப்படத்திற்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டுக்கொண்டவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு மாறாகக் கலைஞருக்கே உரிமையை அளிக்கிறது; ஆயினும் குடும்பத் தேவைக்காக எடுப்பித்த படத்தை வெளியிடாமல் தடுக்கும் உரிமையை எடுப்பித்தவருக்கு விட்டுவைத்திருக்கிறது. நம் சட்டம் நமக்குச் சாதகமாக இருக்கிறது என்று கவலையற்றிருக்கலாகாது. “மாறான ஒப்பந்தம் இல்லாதபோது” என்ற சொற்களைக் கவனியுங்கள். ரசீதின் அடியில் பொடியெழுத்தில், படங்களை விளம்பரத்திற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அச்சிட்டிருக்கக்கூடும். கையெழுத்திட்டால் அதற்கு நாம் இசைந்தவராவோம். மணமகளின் படம் கடைவாயிலிலும் இணையத்திலும் வைக்கப்படுவதில் சிலருக்கு மகிழ்ச்சி. சிலருக்கு மிகுந்த வருத்தம். எது நம் விருப்பம் என்பதை முன்னரே தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். அதிலும் மணமகளின் விருப்பத்தை அவரிடமே கேளுங்கள். அவருக்காக மற்றவர் விடை சொல்லுதல் முறையன்று.

இந்த ஐந்துக்கும் கிடைத்த விடைகளை ஒரே தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாள், இடம், வருபவரின் பெயர், மொத்தத் தொகை, முன்பணம், படங்கள் தரும் கெடு, திருமண நாள் மாறினால் முன்பணம் என்னாகும் என்பன அதில் இருந்தால் போதும். வாக்குத் தவறினால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். எழுத்தும் ரசீதும் அங்கே சான்றாகும். ஆனால் ஆணையம் பணத்தைத்தான் திரும்பப் பெற்றுத் தர முடியும். தாலி கட்டிய அந்த நிமிடத்தை எந்த நீதிபதியாலும் திரும்பப் பெற்றுத் தர முடியாது. வழக்குக்கு ஆயத்தம் செய்வதைக் காட்டிலும் வழக்கு வராதபடி தெளிவாகப் பேசிக்கொள்வதே அந்தத் தாளின் நோக்கம்.

கேள்விகள் கேட்பவர்க்குக் கடமைகளும் உண்டு. புகைப்படக் கலைஞர் நமக்கு முன்பே விழித்து, நமக்குப் பின்பே உண்பவர். மூன்று மணிக்கு வந்து நிற்கும் அவருக்கு ஒரு வாய்க் காப்பி கொடுக்க மறந்துவிடுகிறோம். கடைசிப் பந்தியிலாவது அவரை அழைத்து உட்காரவைக்க வேண்டும். பேசிய தொகையைப் பேசிய நாளில் கொடுத்துவிட வேண்டும். மணநாளன்று புதிதாக வேலைகளைச் சேர்த்துக் கூலியைமட்டும் சேர்க்காமல் விடுவது நேர்மையன்று. தாலி கட்டும் தருணத்தில் விருந்தினர் பலர் கைப்பேசியை உயர்த்தி அவர் முன்னே சுவர்போல் நிற்கிறார்கள். அவர்களில் எவர் படமும் நன்றாக அமைவதில்லை; அவருடைய படமும் கெடுகிறது. மேடையின் முன் ஓரிரு அடி இடம் விடுமாறு உறவினரைக் கேட்டுக்கொள்வதும் இளைஞர்கள் செய்யத்தக்க பணியே.

படங்கள் வீடு வந்து சேர்ந்த பிறகும் வேலை முடிவதில்லை. சேமிப்புக் கருவி எதுவும் என்றேனும் பழுதாகக்கூடியது. எனவே ஒரு பிரதியை மணமகள் பிறந்த வீட்டிலும், மற்றொன்றை மணமக்கள் வீட்டிலும் வையுங்கள். முக்கியமான இருபது படங்களையேனும் நல்ல தாளில் அச்சிடுங்கள். அச்சிட்ட படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் நாளையும், ஊரையும், நிற்பவர்களின் பெயர்களையும் உறவையும் எழுதுங்கள். பழைய படங்களில் நின்றுகொண்டிருக்கும் தலைப்பாகைக்காரர் யார் என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லாத வீடுகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டு எழுதிவிடுங்கள். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.